நன்றாகத் தூங்கினவனுக்கு யார் பரிதாபப்படுவார்?

எங்கள் பட்டறைக் கணக்கு நோட்டில் போன ஆனி மாதத்துப் பக்கம் ஒன்றைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். ‘லுங்கி 48 பீஸ்’ என்று எழுத்து ஒழுங்காகத் தொடங்குகிறது. அடுத்த வரியில் 52 என்று எழுத வந்த பேனா, 5 போட்ட கையோடு கீழே வழுக்கி, கோடாக இழுத்துக்கொண்டே போய், பக்கத்தின் வலது மூலையில் ஒரு மைப்புள்ளியாக நின்றிருக்கிறது. துவரம்பருப்பு அளவுக்குப் பெரிய புள்ளி. ஜெல் பேனா முனை அங்கேயே வெகுநேரம் ஊன்றியிருந்ததால் அடுத்த இரண்டு தாளுக்கும் மை இறங்கிவிட்டது. அது ஊறிய நேரமெல்லாம் நான் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேனாம். கண்கூடத் திறந்திருந்ததாக எதிரே தார் எண்ணிக்கொண்டிருந்த பையன் சொன்னான். மணி காலை பதினொன்று. முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுத்து, ஆறரைக்கு எழுந்தவன் நான்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. எடப்பாடியில் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் தறி ஓட்டினேன். இழை அறுந்தது தெரியாமல் நின்றுகொண்டே கண் சொக்கி, தொடர்ந்து நான்கு துண்டு பழுதாகிப் போன ஒரு நாளில், “நீ தறிப்பக்கம் போவேண்டாம் சாமி, நோட்டைப் பாரு” என்று முதலாளி மேசைக்கு மாற்றிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டதும் எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான்: “ராத்திரி தூங்கலையா?”

தூங்கினேன். அதுதான் என் சிக்கல்.

எங்கள் ஊரில் தூக்கம் கெட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி ஷிப்ட் தறிக்காரர்கள், சங்ககிரியில் லாரி எடுத்து வடக்கே போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று வீதிக்கு வீதி இருக்கிறார்கள். “பொட்டுத் தூக்கமில்லைங்க” என்று ஒருவர் சொன்னால் டீக்கடையே உச்சுக் கொட்டும். ஒருவர் கசகசாப் பால் குடிக்கச் சொல்வார், இன்னொருவர் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொல்வார். அதே பெஞ்சில் உட்கார்ந்து, “ஒன்பது மணி நேரம் தூங்கினேன், இன்னும் தூக்கம் தீரலை” என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். கொடுத்து வைத்தவன் என்பார்கள். தூக்கம் வராதது நோய், தூக்கம் தீராதது குணக்கேடு என்று ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. திருக்குறளில் ‘மடி இன்மை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை நடத்திய வாத்தியார் வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துத்தான் நடத்தினார்.

சோம்பேறி, சொங்கி, அசமந்தம், கும்பகர்ணன், தூங்குமூஞ்சி. எல்லாம் வாங்கியாயிற்று. கும்பகர்ணனாவது எழுப்பிவிட்டதும் சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போனான். தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயரே அநியாயம். அது பொழுது சாய்ந்தால் இலையை மடக்கும், நல்ல வெயிலில் விழித்துத்தான் நிற்கும்.

காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மூன்று அலாரம். ஒன்று தலைமாட்டில், ஒன்று ஜன்னலில், ஒன்று எவர்சில்வர் அண்டாவுக்குள். அண்டாவுக்குள் வைத்தது தெருவுக்கே கேட்கும். மூன்றையும் நான் எழுந்து போய் அணைத்திருப்பேன், அணைத்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்காரி பேசுவாள், நான் பதில் சொல்வேன், அந்தப் பதிலும் எனக்குத் தெரியாது. ஒருநாள் பெண்ணுக்கு ஸ்கூல் வேன் காசு எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். நானும் எழுந்து, சட்டைப்பையில் இருந்த ஆயிரத்து இருநூறை எடுத்து, அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் அரிசி அளக்கும்போதுதான் பணம் கிடைத்தது. அதற்குள் வீட்டில் யார் யாரையோ சந்தேகப்பட்டுவிட்டோம். கால் தள்ளாடும், நாக்கு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவேன். கல்யாணமான புதிதில் மைத்துனர் ஒருவர் காலை ஏழு மணிக்கு வந்து என் வாயை மோந்து பார்த்துவிட்டுப் போனார். டாஸ்மாக் பக்கமே போகாதவன் நான்.

பிறகுதான் தெரிந்தது, மருத்துவத்திலேயே இதற்குத் ‘தூக்க போதை’ என்று பெயர் உண்டு என்று. பிராக் நகரத்து நரம்பியல் மருத்துவர் பெட்ரிச் ராத், போதும் போதும் என்கிற அளவுக்குத் தூங்கியும் விழிக்க முடியாதவர்களைப் பல ஆண்டுகள் பார்த்து எழுதி வைத்தார். மைத்துனர் மோந்து பார்த்த அதே தள்ளாட்டம்தான் அதிலும் இருக்கிறது. 1976இல் அவர் அந்த நோய்க்கு ‘இடியோபதிக் ஹைபர்சோம்னியா’ என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘தனக்கே உரிய நோய்’ என்று பொருளாம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், ‘ஏன்னு எங்களுக்கும் தெரியலைங்க.’

ஆனால் அந்தப் பெயருக்கு வந்து சேர எனக்குப் பத்தொன்பது வருடம் ஆயிற்று.

முதலில் தறிச் சத்தத்தைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் தெருவில் வீட்டின் முன்பாதி குடித்தனம், பின்பாதி பட்டறை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தத் ‘தடக் தடக்’ காதில் விழுந்தபடிதான் தூங்கினோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தெருவே விழித்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து பெண் கொடுத்தவர்கள் முதல் ராத்திரி தூங்க மாட்டார்கள், நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் அமைதியில் தூங்க மாட்டோம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. எங்கள் தெருவில் அதை யாராவது படித்துக் காட்டினால் அந்தக் குரலே காதில் விழாது. சத்தம் ஆளை முழுக்க எழுப்பாமலே தூக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே திண்ணையில், என் பக்கத்திலேயே படுத்து வளர்ந்த தம்பி காலை ஐந்து மணிக்குப் பம்பரம் மாதிரி எழுந்திருக்கிறான். என்னை ஈரோட்டில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். சத்தமில்லாத வீடு. அங்கேயும் பத்து மணி நேரம் தூங்கி, செக்கு சுற்றிய மாடு மாதிரி எழுந்தேன்.

அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டாள். தைப்பூசம் கழிந்து எங்கள் ஊர்க் காவடி பழனிக்குப் போவதும், மலைமேல் ராத்தங்கி டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவதும் தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை. நானும் நடந்தேன். அந்த நடையில்தான் ஒன்றைக் கவனித்தேன். கால் நடக்கிறவரை எனக்குத் தூக்கமே இல்லை. எல்லோரும் களைத்துப்போன மத்தியான வெயிலில்கூட ‘அரோகரா’ போட்டுக்கொண்டு முன்னால் போனேன். உட்கார்ந்த மாத்திரத்தில் போயிற்று. அன்னதானப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் தலை தொங்கிவிட்டது. மலைமேல் ஊரே வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்க, நான் சர்க்கரை மூட்டையில் சாய்ந்து விடிய விடியத் தூங்கினேன். விடிந்தும் தெளியவில்லை. மற்றவர்கள் அன்று இரண்டு மணி நேரம்தான் கண்ணயர்ந்திருப்பார்கள். முகம் கழுவியதும் தெளிவாகிவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோது வந்ததைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்தால் வருகிறது, நடந்தால் போகிறது என்ற இந்த ஒரு விஷயத்தை எந்த டாக்டரிடமும் நான் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், பி12 ஊசி ஆறு போட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இந்த மாதிரி ஆளுக்கு ரிப்போர்ட் சரியாக இருப்பதைவிடப் பெரிய துன்பம் இல்லை. “உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, வாக்கிங் போங்க” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். ஒருவர் மனசுக்குக் கவலையா என்று விசாரித்து மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் தூக்கம் இன்னும் கூடிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. மனச்சோர்விலும் இப்படி அசதி வரும், அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் எட்டுக் கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். மெல்போர்னில் எப்வொர்த் என்ற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மர்ரே ஜான்ஸ் என்பவர் 1991இல் வெளியிட்டது. படிக்கும்போது கண் அசருமா? டிவி பார்க்கும்போது? நாலு பேர் இருக்கும் பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது? ஒரு மணி நேரம் விடாமல் வண்டியில் பயணம் போகும்போது? மத்தியானம் படுத்தால்? ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது? சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்தால்? வண்டி சிக்னலில் சில நிமிடம் நின்றால்? ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்குப் பதினெட்டு வந்தது. பள்ளியில் கணக்குப் பரீட்சையில்கூட முக்கால் மார்க் வாங்கினதில்லை.

எட்டும் உட்காருவதையும் படுப்பதையும் பற்றிய கேள்விகள். பழனி ரோட்டில் நான் கண்டுபிடித்ததை அந்த மனிதர் முப்பது வருடத்துக்கு முன்பே தாளில் போட்டு வைத்திருந்தார். நான்காவது கேள்வியைப் படித்ததும் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி எடப்பாடியில் இறங்க வேண்டியவன், பூலாம்பட்டிக் காவிரிக்கரையில் கண் விழித்த கதை அவளுக்கு மனப்பாடம். “படகு ஏறணுங்களா?” என்று கேட்டு எழுப்பினாராம் கண்டக்டர்.

அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கத் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்ப்பதற்காக. அது இல்லை. மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை இருட்டறையில் படுக்கச் சொன்னார்கள். எத்தனை நிமிடத்தில் தூங்குகிறேன் என்று கணக்கு. சராசரி எட்டு நிமிடம், அல்லது அதற்குள், என்றால் அது சாதாரணத் தூக்கமில்லை. எனக்கு ஐந்தரை. தூங்கிய உடனே கனவுத் தூக்கத்துக்குள் விழுந்திருந்தால் அதற்கு நார்கொலெப்சி என்று வேறு பெயர். அந்த நோயில் மூளையின் ஒரெக்சின் என்ற ரசாயனம் குறைந்துபோவதை 1998க்குப் பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அதுவும் இல்லை. ஆகவே காரணம் தெரியாதவர்கள் பட்டியலில் சேர்ந்தேன். பரிசோதனை, லாட்ஜ், பஸ், போன கூலி எல்லாம் சேர்த்து ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆயிற்று. தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு செலவு.

ஆனாலும் ரிசல்ட் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். காரணம் தெரியாவிட்டால் என்ன, சோம்பேறித்தனம் இல்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டதல்லவா. அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “உன்னைய அடிச்சு அடிச்சு எழுப்புனனே கண்ணு” என்றாள்.

மோடாபினில் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கித் தின்கிற மாத்திரை அல்ல அது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஓரளவு தெளிவாக இருக்கிறேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பனிமூட்டம் இறங்கும். குணமாகிவிட்டதா என்றால் இல்லை. இந்த நோய்க்கென்றே ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்ததே 2021 ஆகஸ்டில்தான். முதலாளி என் வேலை நேரத்தைப் பத்தரைக்கு மாற்றிக் கொடுத்தார். எந்த மாத்திரையையும்விட அது பெரிய உதவி. கூட்டல் கழித்தலை இரண்டு மணிக்குள் முடித்துவிடுவேன். மாலையில் பாவு எடை போடுவது, பேல் எண்ணுவது என்று நின்று செய்கிற வேலை. “ஒரு கோழித்தூக்கம் போடுங்க, சரியாயிரும்” என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள். என் மாதிரி ஆட்களுக்குக் குட்டித்தூக்கம் உதவுவதில்லை. அரை மணி என்று படுத்தால் இரண்டு மணி ஓடும், எழுந்தால் காலையைவிட மோசம்.

என்னுடையது அரிய கேஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். பகல் தூக்கம் என்று முனகுகிற எல்லோருக்கும் இது இருக்காது. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து பேசியவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பட்டறையில் தார் சுற்றுகிற அக்கா ஒருவர், “எனக்கும் இப்படித்தான் தம்பி, மதமதன்னே இருக்குது” என்றார். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்றது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அந்த அக்காவுக்கு மூன்று மாத இரும்புச்சத்து மாத்திரையில் முகம் தெளிந்துவிட்டது. நான்கு வருடமாக மாமியார் அவரைச் சொங்கி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் கண் சொக்குகிறது என்கிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

லாரிக்காரர்கள் கதை இன்னும் மோசம். குறட்டை விட்டால் ‘நல்லா அசந்து தூங்கறான்’ என்றுதான் நம் வீடுகளில் அர்த்தம். ராத்திரி முழுக்க மூச்சுக்குழல் அடைத்து அடைத்துத் திறக்க, மூளை நூறு தடவை எழுந்து படுக்க, காலையில் அந்த மனிதர் பத்துச் சக்கரத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறார். இதற்கு ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் காற்று ஊதும் கருவியைக் கொண்டுவந்தது 1981இல். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி விதிகளில் இந்த நோயைச் சேர்த்தது. நம்மிடம் லைசென்ஸுக்குப் போடும் படிவம் 1ஐ எடுத்துப் பாருங்கள். வலிப்பு, மயக்கம், தலைச்சுற்றல் உண்டா என்று கேட்கிறார்கள். கண், காது, கை, கால், மாலைக்கண் எல்லாம் கேட்கிறார்கள். தூக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ‘வேறு நோய் ஏதும் உண்டா’ என்று பொதுவாக ஒரு கேள்வி. தூக்கத்தை நோய் என்று எவர் எழுதுவார்? டிரைவர் தன் வாயால் சொன்னால் லோடு போய்விடும். ஆகவே பாக்கைக் குதப்பிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். சரபங்கா ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை என் எக்ஸெல் வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. முழங்காலில் சிராய்ப்போடு தப்பினேன். அன்றிலிருந்து வண்டி வீட்டுக்காரியிடம். என்னால் வண்டியை விட முடிந்தது. வண்டியே பிழைப்பாக இருக்கிறவர் எதை விடுவார்?

ஊருக்கு ஊர் தூக்கப் பரிசோதனைக்கூடம் கட்டச் சொல்லவில்லை. கட்டினால் நல்லது, அதிலும் பகல் பரிசோதனையை மாவட்டத் தலைமை அளவிலாவது இலவசமாகச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா கையில் ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டில் இந்த எட்டுக் கேள்விகளையும் ஒட்டிவிடலாம். ‘சிக்னலில் நிற்கும்போது’ என்பதை ‘ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது’ என்று மாற்றிக்கொள்ளட்டும், மருத்துவர்கள் பார்த்துச் சரிசெய்யட்டும். பத்தைத் தாண்டினவர்களுக்கு முதலில் ரத்தம், தைராய்டு, சர்க்கரை. குறட்டை உண்டா என்று கூடப் படுப்பவரிடம் ஒரு விசாரணை. பாதிப் பேருடைய காரணம் அங்கேயே பிடிபட்டுவிடும் என்பது என் நம்பிக்கை. மீதிப்பேர் என்னைப்போலக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவதற்குப் பத்தொன்பது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் படிவத்திலும் ஒரு வரி சேருங்கள். ‘உண்டு’ என்று எழுதுகிறவரின் பிழைப்பைப் பிடுங்காமல், சோதனைக்கு அனுப்பி, சரியான பிறகு வண்டியைக் கையில் கொடுக்கிற மாதிரி சேருங்கள். எட்டுக் கேள்வி கொண்ட தாளை எங்கள் பட்டறைச் சுவரில், கூலிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதுவரை பதினான்கு பேர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேருக்குப் பத்துக்கு மேல் வந்திருக்கிறது.